மாற்று வழி

டேனரி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.
மெட்ரோ வேலை. தகரத் தடுப்பு.
பச்சைக் கோட்டுக்காரன் கொடியை ஆட்டினான்:
அந்தப் பக்கம் போ.

வண்டியைத் திருப்பியதும்
பின் சீட்டில் செல்வின்
கண்ணாடியில் நெற்றியை மோதத் தொடங்கினான்.
முப்பத்திரண்டு வயது, எண்பது கிலோ.
தினமும் அதே தெரு, அதே வரிசை,
ஒரு கடை பிசகினாலும் தாங்காது.

ஆரோக்கியம் நடுவில் கையைக் கொடுத்தாள்.
கைக்கு வலிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.
பைக்கில் வந்தவன் எட்டிப் பார்த்து
"இதையெல்லாம் எங்கே கூட்டிட்டுப் போறீங்க?"
இதையெல்லாம்.

அப்போதுதான் பரிமளா அக்கா வாய் திறந்தார்.
மூன்று வருஷமாக என் வண்டியில் வருகிறார்.
தன் காதுக்குள் இருப்பவர்களோடு மட்டும் பேசுவார்.
ஜன்னலைப் பார்க்காமலே:

"லக்கி பேக்கரி.
சைக்கிள் கடை.
மூடின தியேட்டர்.
மட்டன் கடை, பக்கத்தில் பாத்திரக்கடை."

மோதல் நின்றது.
"மெடிக்கல்," என்றான்.
"மெடிக்கலுக்கு முன்னாடி டைலர்," என்றார் அக்கா,
கொஞ்சம் கோபமாகவே.

நான் எந்தெந்தச் சந்தில் ஓட்டினேனோ,
இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.
மையத்து வாசலில் நிறுத்தியபோது
இன்னும் இரண்டு கடை பாக்கி இருந்தது.

எஞ்சினை அணைக்காமல்
உட்கார்ந்திருந்தோம்.