இடது பை

ஏழாம் லைனில் என் வேலை
இடது பை.
வலது பை தவராணியுடையது.
நான்கு வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும்
நாங்கள் இருவரும் ஒரு முழு ஜாக்கெட் தைத்ததில்லை.

மணிக்கு அறுபத்தைந்து.
தலைக்கு மேலே பலகையில் சிவப்பு எண்
எங்களைவிடச் சுறுசுறுப்பு.
தோட்டத்தில் அம்மாவுக்குக்
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
இங்கே அரைப்பேர் கிடையாது.
பேரே கிடையாது:
'ஏழு பதினெட்டு, கை எங்கே போகுது?'
லயத்தை விட்டு லைனுக்கு வந்தவள் என்று
தவராணி என்னைக் கேலி செய்வாள்.
அவளும் அப்படி வந்தவள்தான்.

பனிக்குப் போடும் ஜாக்கெட்டாம்.
நோர்வூட்டில் பனி இலையில் நிற்கும்,
ஒன்பது மணிக்குப் போய்விடும்.
அவர்களுடையது கூரைமேல் மாதக்கணக்கில் இருக்குமாம்,
மண்வெட்டியால் வாருவார்களாம்.
விலைச்சீட்டுக் குத்துகிற மெர்சி
ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில்
அந்த எண்ணை ரூபாயாக்கிப் பார்த்தாள்.
ஒரு ஜாக்கெட்
என் இருபத்திரண்டு நாள்.
மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பொய் சொல்லக் கூடாது.
அந்தச் சம்பளத்தில்தான்
குசினிக்குப் புதுத் தகரம் போட்டோம்,
மகளை டியூஷனுக்கு அனுப்பினோம்,
சோறாக்க ஒரு கரண்ட் சட்டி வாங்கினோம்,
அதைச் சீனாவில் யார் மூடி பொருத்தினாரோ,
விலை குறைவு என்பதால் வாங்கினோம்.

பங்குனியில் கொழும்பிலிருந்து ஒரு மகாத்தயா வந்தார்.
சிங்களத்தில் நிறையச் சொன்னார்.
தமிழில் கொஞ்சமாகச் சொன்னார்கள்:
ஓடர் வேறு நாட்டுக்குப் போகிறது.
அங்கே ஒரு உருப்படிக்கு
முப்பது சதம் மலிவு.

சதம்.
எங்கள் சதத்தை நான் கண்ணால் கண்டு
எத்தனை வருடம்.
அவர்களுடைய சதம் இன்னும் உயிரோடு இருக்கிறது,
ஏழாம் லைனை மூடும் அளவுக்கு.

சிவப்பு எண்ணை அணைத்தார்கள்.
ஆறு மாதமாக எங்களைத் திட்டிய சுரங்கி
நூல் அலுமாரிக்குப் பின்னால் போய் அழுதாள்.
அவளுக்கும் அதே கடிதம்தான்.

இப்போது காலையில் அம்மாவோடு மலைக்குப் போகிறேன்.
கைக்காசுக் கொழுந்து, கிலோவுக்கு இவ்வளவு.
விரல்கள் இன்னும் அறுபத்தைந்து வரை
தானாக எண்ணுகின்றன.

நேற்று ஞாயிறு.
ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
படங்கை விரித்துத் துணி மலை குவித்திருந்தான்.
மகளுக்கு ஆறு மணிக் குளிருக்கு ஏதாவது வேண்டும்.
கிளறினேன். நீலம்.
எங்கள் ஜாக்கெட்.
எங்கள் வெட்டு, எங்கள் காலர்,
கழுத்துச் சீட்டில் மட்டும் பங்களாதேஷ்.

உள்பக்கம் திருப்பினேன்.
இடது பை.

ஓரம் பிசகவில்லை.
வளைவில் துணியை இழுக்காமல்
தானாகப் போகவிட்டிருக்கிறாள்.
பாதி வழியில் பொபின் தீர்ந்திருக்கிறது,
மாற்றிய இடம் தெரிகிறது,
கையால் தடவினால்தான் தெரிகிறது.
மூலையில் இரண்டு போட வேண்டிய இடத்தில்
மூன்று தையல்.
நானும் மூன்றுதான் போடுவேன்,
நேரம் போகுதென்று சுரங்கி கத்தக் கத்த.
இரண்டு போட்டால் சாவி விழுந்துவிடும்.

அவளுக்கும் வலது தோளில்தான் வலி இருக்கும்.
அவளுடைய லைனை மூட
எத்தனை சதம் போதும் என்று
யாராவது எங்கேயாவது எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஆயிரத்து இருநூறு என்றான் கடைக்காரன்.
'எக்ஸ்போர்ட் சாமான் அக்கா,
வெள்ளைக்காரன் போடுறது.'
கழித்துப் போட்டது எதற்கென்று தேடினேன்.
சிப் பல் ஒன்று கோணல்.

தொள்ளாயிரத்துக்கு முடித்தேன்.
பேரம் பேசும்போது தையலைக் குறை சொல்வதுதான் வழக்கம்.
நான்
சிப்பை மட்டும் சொன்னேன்.