மஞ்சள் நாடா

மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
ஏழாம் வகுப்பின் தரையை
மஞ்சள் ஒட்டுநாடாவால் இரண்டாக்கினேன்.
சன்னல் பக்கம் கத்தோலிக்கர்.
கதவுப் பக்கம் புராட்டஸ்டண்ட்.

விசில் ஊதினால் இளவரசர் செத்தார் என்று பொருள்.
புதியவரின் வேதம் எதுவெனத்
தொப்பிக்குள் கைவிட்டு நான் எடுப்பேன்.
பத்து எண்ணுவதற்குள்
குடிகள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் போய்விடவேண்டும்.
போகாதவர் ஓர் அட்டையைக் கட்டவேண்டும்:
வீடு, பசு, திராட்சைக் கொல்லை, ரொட்டி அடுப்பு.
அட்டை மிச்சமிருப்பவர் வென்றவர்.

ரைனுக்கு மேற்கே இந்த நாட்டில்
ஒரே ஆயுளில் மூன்று முறை மாறியவர்கள் உண்டு.
பாடநூல் அவர்களை
ஒரு பத்தியில் அடக்கம் செய்துவிட்டது.

முதல் விசிலுக்குச் சிரித்தார்கள்.
இரண்டாவதற்கு மோதிக்கொண்டார்கள்.
நான்காவதற்குள்
யோரின் என் கையைப் பார்க்கப் பழகியிருந்தான்;
தொப்பியிலிருந்து சீட்டு வெளியே வருமுன்
அவன் கால் நகர்ந்தது.
ஸ்வான்யே நாடாவுக்கு இருபுறமும் கால் பரப்பி
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என நின்றாள்.
பசுவைப் பிடுங்கினேன்.
அழவில்லை. கால்களை இன்னும் அகட்டினாள்.

ஆறாவது விசிலுக்குப் பிறகு ஒரு குரல்:
"டீச்சர், லென்னார்ட் இங்கே நின்றாலும்
மனசுக்குள் அந்தப் பக்கம்தான்.
அங்கே பார்த்து உதட்டை அசைக்கிறான்."
பிறகு இன்னொரு விரல் நீண்டது. பிறகு நான்கு.
காட்டிக்கொடுக்க நான் விதி எழுதவில்லை.
அது செருப்பில் ஒட்டிய மண்ணைப்போல
அவர்களோடு உள்ளே வந்திருந்தது;
இல்லை, நான் வரைந்த கோட்டிலிருந்துதான் முளைத்ததோ.
விசிலை வாயிலிருந்து எடுத்தேன்.
எச்சில் குளிர்ந்திருந்தது.

ஒட்டிலியே ஓர் அட்டையை நீட்டினாள்.
நானே எழுதி மறந்துபோனது:
'அம்மாவின் கல்லறை'.
"இது எந்தப் பக்கம்?"
மடித்து வைத்திருந்த விதித்தாளைப் புரட்டினேன்.
"தெரியாது" என்றேன்.
அவள் அதை நாடாவின் மேலேயே வைத்துவிட்டு
அதற்குக் காவலாய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.
அதன் பின் ஊதிய விசில்களுக்கு
வகுப்பு முழுவதும் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடியது.
ஒருவரும் மிதிக்கவில்லை.

யோரின் வென்றான், எல்லா அட்டைகளோடும்.
"கடைசியில் நீ எதை நம்பினாய்?" என்றேன்.
கொஞ்சமும் யோசிக்கவில்லை:
"விசிலை."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்,
ஆசிரியர்கள் சிரிக்கவேண்டிய இடம் அது.
வெளியே சந்தைச் சதுக்கத்துக் கோயிலில் மணி அடித்தது.
நட்டநடுவே சுவர் எழுப்பிய கோயில் அது:
அந்தப் பக்கம் பூசை, இந்தப் பக்கம் பிரசங்கம்,
இரண்டுக்கும் ஒரே கூரை, ஒரே ஒழுகல்.
எந்தப் பக்கத்து மணி என்று
பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை.
பசி நேரம்.

மேசைகளை இழுத்துப் போட்டார்கள்.
முழங்காலிட்டு நாடாவை உரித்தேன்.
கூடவே தரையின் மெருகும் உரிந்து வந்தது.
காவலாளி ப்ரோகெல் கதவில் நின்று
நாக்கைச் சப்புக்கொட்டினார்:
"இதை இனி தேய்த்துப் போக்க முடியாது, அம்மா."

அடுத்த மணிநேரம் கணக்கு. வேறு வகுப்பு.
எதுவும் அறியாத ஒரு பொடியன்
கையில் அளவுகோலோடு வந்தான்.
வெளிறிய கோட்டருகே ஒரு கணம் நின்றான்.
என்ன நினைத்தானோ,
இரண்டு காலையும் சேர்த்து
அதைத் தாண்டிக் குதித்தான்.