இடப்பக்க மூச்சு

கூட்டுறவுக் கடை தந்த கலண்டரில்
சித்திரை இருபத்தாறுக்குச் சிவப்பு வட்டம்: பாசிக்குடா.
ஆடியில் திருகோணமலை, தூரம் இரண்டு மடங்கு.
அடுத்த மாசியில் கொழும்பு, பக்கத்தில் கேள்விக்குறி.
லீவு ஒன்பது நாள்தான் மிச்சம்.
இரண்டை அக்கா மகளின் சாமத்தியவீடு கொண்டுபோகும்,
ஒன்றைப் பல் வைத்தியர்.

நாற்பது வயதில் என்ன பந்தயம் என்று
பிரதேச செயலகத்தில் யாரும் நேரே கேட்பதில்லை.
"இன்னும் ஓடுறீங்களோ மிஸ்?" என்பார்கள்,
காய்ச்சல் விட்டதா என்று விசாரிக்கும் தொனியில்.

ஓட்டம் பரவாயில்லை.
சைக்கிளையும் குறை சொல்ல மாட்டேன்:
வைகாசிக் கச்சான் களுவாஞ்சிக்குடி வரை
வலக்கன்னத்தில் அறையும்,
திரும்பும்போது இடக்கன்னத்தில்.
மிதித்தால் வீடு வரும்.
நீச்சல்தான்.
போன வருடம் நான் கடலைவிட்டு ஏறியபோது
சைக்கிள் தட்டியில் என்னுடையது மட்டும் நின்றது,
கலியாணம் முடிந்த மண்டபத்தில்
எவரும் எண்ணாமல் விட்ட கதிரை போல.

வலப்பக்கம் மட்டுமே எனக்கு மூச்சு.
இடப்பக்கம் முகம் திரும்பினால்
வாயும் மூக்கும் காணி வழக்குக்குப் போய்விடும்.
தடாகத்தில் அது தெரியவில்லை.
அடியில் நீலக்கோடு இருந்தது, அதன்மேல் ஊர்ந்தேன்.
பம்ப் பழுதென்று தடாகத்தைப் பூட்டிய தையில்
நாவற்குடாவில் வாவிக்குள் இறங்கினேன்.
வெள்ளம் வடிந்த மண்ணிறத் தண்ணீர்,
நீட்டிய கை முழங்கைக்கு அப்பால் இல்லை.
கோடு எங்கே?
பத்து வீச்சுக்கு ஒருமுறை தலை தூக்கினால்
கல்லடிப் பாலம் ஒவ்வொரு தடவையும் வேறிடத்தில்.

துறையடியில் பர்ஹானா, மடியில் திட்டத் தாள்.
செவ்வாய்: இடப்பக்க மூச்சு, எட்டுத்தரம் ஐம்பது மீற்றர்.
ஆறு செவ்வாய் போயிற்று.
ஆறுக்கும் நேரே ஒரு சின்னக் கோடு.

ஏழாவது செவ்வாய்
கோணிக் கோணி மேற்கே போய்
வின்சென்ட் அண்ணனின் வலையில் முட்டினேன்.
தோணியில் இருந்தபடி கேட்டார்:
"ஆரும் துரத்துறானா பிள்ள?"
இல்லை என்றேன்.
"அப்ப ஏன் இந்தப் பாடு?"
பாசிக்குடா, சித்திரை, எழுநூற்றைம்பது மீற்றர் என்று
மூச்சு வாங்க வாங்க விளக்கினேன்.
கேட்டு முடித்து வலையை விலக்கினார்.
"திரும்பிப் போகக்குள்ள அந்தக் கண்ணாப் பத்தையை
ஒரு கண் பாத்துக்க.
வெள்ளத்தோட வந்த முதலை, மறுகா போகல்ல."

கண்ணாப் பத்தை கிழக்கே.
கிறுகினால் அது என் இடப்பக்கம்.

முதலை இருந்ததா, தெரியாது.
மூன்று வீச்சுக்கு ஒருமுறை இடப்பக்கம் திரும்பினேன்.
வேர்கள். ஒரு நீர்க்காகம்.
மிதந்து வரும் ஆற்றுவாழை, அதற்கும் கண் இருந்தது.
வேர்கள். மூச்சு. வேர்கள்.
வாயும் மூக்கும் வழக்கையே மறந்திருந்தன.

துறையில் பர்ஹானா போனைப் பார்த்தாள்,
பிளாஸ்க் மூடியைத் திருகிவிட்டு மீண்டும் பார்த்தாள்.
"பதினேழு நாப்பது.
இதை ஆர்ர கணக்குல எழுத? உனக்கா, முதலைக்கா?"

பென்சிலால் எழுதச் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்
கண்ணாப் பத்தையடியில் ஒரு வெள்ளாடு நின்றது.
இடப்பக்கம் திரும்பினேன்,
ஒரு வாய் வாவி குடித்தேன், இருமினேன்,
பின்னும் திரும்பினேன்.
இருபத்திரண்டு பத்து.

சித்திரை இருபத்தாறுக்கு இன்னும் எட்டுச் செவ்வாய்.
பாசிக்குடாவில் கரை எந்தப் பக்கம் வரும் என்று
துவாய்க்குள் நடுங்கியபடி கேட்டேன்.
"போகக்குள்ளயா, வரக்குள்ளயா?" என்றாள் பர்ஹானா,
அழிறப்பரைத் தேடிக்கொண்டே.