இரண்டு மணி முதல் மூன்று வரை

துர்க்கு நகரச் சந்தைத் திடலில்
நவம்பரிலும் கையுறை போட முடியாத வேலை என்னுடையது.
பேசுகிறவர் மேடை நடுவில்.
நான் ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டி மேல்,
காது கேளாதவர்களுக்காக நகராட்சி அனுப்பிய
இரண்டு கைகள்.

அனுமதிச் சீட்டு இரண்டு மணி முதல் மூன்று வரை.
காவலர் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார்.
சொற்களை அளக்க அவரிடம் ஒரு சட்டம் உண்டு;
அந்தச் சட்டத்தின் ஓரங்கள்
பேச்சாளருக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

"நம் பள்ளிக்கூடங்கள்" என்றார்.
காட்டினேன்.
"நம் மருத்துவமனை வரிசைகள்."
காட்டினேன்.
"தானியக் கிடங்கில் எலி புகுந்தால்
எந்த விவசாயியும்..."
நிறுத்தினார். புன்னகைத்தார்.
நிறுத்துவது குற்றமில்லை.
என் விரல்கள் மூக்கருகே
எலியின் மீசையோடு அப்படியே நின்றன.

கூட்டம்தான் வாக்கியத்தை முடித்தது.
முந்நூறு வாய், ஒரே சொல்.
முந்நூறு பேர் சொன்னால்
சொன்னவர் யார்?
காவலர் கடிகாரத்தைப் பார்த்தார்.

முன்வரிசையில் ஹோதன்.
பச்சை முக்காடு, தோளில் பள்ளிப்பை.
பேருந்துக்குப் போகிற வழியில்
என் கைகளைக் கண்டு நின்றவள்.
என்ன சொன்னார்கள், என்று கேட்டாள்.

மறைக்கலாம்.
வாழ்த்தினார்கள் என்று காட்டிவிட்டு
அவளைக் காப்பாற்றிய நிம்மதியில் தூங்கலாம்.
ஆனால் அவளைப் பற்றிய சொல்
இந்தத் திடலில் புறாக்களுக்குக்கூடக் கேட்டுவிட்டு
அவளுக்கு மட்டும் கிடைக்காமல் போவதா?
காட்டினேன்.
என் கையாலேயே.

எழுத்துக்கூட்டிப் படிப்பவள் போல
அதை ஒருமுறை தனக்குள் செய்து பார்த்தாள்.
பிறகு பேசத் தொடங்கினாள்,
வேகமாக, முழங்கை வரை கோபத்தோடு.

கை பேசினால் வாய் பெயர்க்க வேண்டும்;
அதுவும் என் வேலைதான்.
ஒலிபெருக்கி எனக்கில்லை.
பனியில் கரகரத்த தொண்டையால் ஆரம்பித்தேன்:
"நான் ஹோதன்.
எலிகளைப் பற்றி எனக்குத் தெரியாது.
காலைப் பேருந்தைத் தெரியும்.
உங்களில் நான்கு பேர் அதில் என் பக்கத்து இருக்கையில்
குறட்டை விடுகிறீர்களாம்; அம்மா சொன்னாள்,
எனக்குத்தான் கேட்காது..."

யாரோ ஒருவர் சிரித்தார்; சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

காவலர் இப்போதுதான் தலை தூக்கினார்.
"அம்மணி, பேச உங்களுக்கு அனுமதி இல்லை."
"நான் பேசவில்லை" என்றேன்,
"மொழிபெயர்க்கிறேன்."

மணி இரண்டு ஐம்பத்தெட்டு.
அவர் யோசித்தார்.
என் விரல்கள் மரத்துப்போயிருந்தன.
ஹோதன் இன்னும் முடிக்கவில்லை.