ஒரு வரி

அனுப்பர்பாளையம், மூணாவது மாடி.
கரண்ட் வந்து பத்து நிமிஷம்.
ஆயிரத்து இருநூத்துச் சொச்சம் பனியன் படம்,
ஒவ்வொண்ணுக்கும் ஸ்டைல் நம்பர் போட்டுப் பேர் மாத்தணும்.

போன சீசன்ல மவுஸைப் புடிச்சுப் புடிச்சு
மணிக்கட்டு வீங்கி
தைல வாசத்தோட பஸ் ஏறினவ நான்.

இப்பக் கறுப்புத் திரை.
கோடு ஒண்ணு மினுக்கிட்டுக் கிடக்கு.
கட்டிங் முடிஞ்சது பவர் டேபிளுக்கு,
அங்கிருந்து செக்கிங்குக்கு, அயர்னிங்குக்கு;
அதே கணக்குத்தான் இங்கயும்.
நடுவுல நிக்கிற குத்துக்கோடு
கைமாத்தி விடுது.

என்டர்.

ஒண்ணுமே சொல்லலை.
எங்க கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்தும் இப்படித்தான்,
தப்புன்னாத்தான் வாயத் திறப்பாரு.
பயந்துட்டே ஃபோல்டருக்குள்ள போனேன்.
எல்லாம் மாறியிருந்துச்சு,
பேருக்கு நடுவுல இடம் விட்ட ஒண்ணைத் தவிர.
அதுவும் நான் வெச்ச பேருதான்.

மணி ஏழே கால்.
"ஏனம்மணி, இன்னிக்கு முடியாதா?"
"முடிஞ்சுதுங்க."
முதலாளி என்னைப் பார்த்தாரு, கடிகாரத்தைப் பார்த்தாரு.
"அப்ப இன்னொரு ஃபோல்டர் இருக்குது, அனுப்பட்டுங்களா?"

ஏழரைக்குப் பல்லடம் பஸ்.
மேல் அம்பைத் தட்டினேன்,
பழைய வரி தானா வந்து நின்னுச்சு.
ஃபோல்டர் பேரை மட்டும் மாத்திட்டு
பையைத் தோள்ல மாட்டினேன்.
அப்புறந்தான்
என்டர்.