பிடரி மயிர்

ஒற்றைக்கண் சாமி
ஒன்பது ராத்திரி மரத்தில் தொங்கினான் என்று படித்த அன்று
குடியாத்தம் பேருந்து நிலையத்தில் என் செருப்பு அறுந்தது.
வேறு அடையாளம் எதுவும் வரவில்லை.
அதையே வைத்துக்கொண்டேன்.

கழுத்தில் சுத்தியல்.
நெல்லூர்ப்பேட்டை வெல்டிங் கடையில்
பழைய மாட்டு லாடத்தை வெட்டித் தேய்த்தது.
"இன்னாம்மா இது, சுத்தியலைப் போய் யாராச்சும்
கழுத்துல மாட்டுவாங்களா?"
கேட்டவர் கழுத்தில் வேல் ஆடிக்கொண்டிருந்தது.
அவரே அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பகலெல்லாம் ரத்தம் எடுக்கிறேன்.
முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டி நரம்பு தேடும் வேலை.
சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு,
எதையும் ஓர் எண்ணில் எழுதிக் கவரில் போட்டுவிடலாம்.
தெருக்கோடியில் நாய் ஊளையிட
என் புறங்கையில் மயிர் எழுந்து நிற்கிறதே,
அதற்கு எங்கள் மிஷினில் எண் இல்லை.

வைகாசியில் கெங்கையம்மன் சிரசு வரும்போது
கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே நினைத்தேன்:
வடக்கே பனிக்குள் இருந்த அந்தச் சாமியும்
வெட்டுண்ட ஒரு தலையிடம்தான் யோசனை கேட்டான்.
அதிக தூரமில்லை.
சிதறிய தேங்காய்ச் சில் ஒன்று கணுக்காலில் பட்டது.

பிறகு மார்கழி. வருஷத்திலேயே நீண்ட இரவு.
அங்கே பனி. இங்கே கொசு.
ஆட்டோ தணிகாசலம் வாங்கித் தந்த ஒரு பாட்டில் பீர்
(எதற்கு என்று கேட்கவில்லை, நல்ல மனுஷன்),
கைப்பையில் தீப்பெட்டி, நான்கு கற்பூரம்.
மோர்தானா போகிற வழியில் அண்ணன் கொல்லை,
வேர்க்கடலை விதைத்து நான்கே நாள்.
மூலையில் புங்கமரம்.
தொங்குவதற்கில்லை, சாய்ந்துகொள்ள.

அந்த ராத்திரி அவர்கள் ஒரு பன்றியைக் கொண்டுவருவார்களாம்.
அதன் பிடரியில் கை வைத்துச் சத்தியம் செய்வார்களாம்.
பன்றிக்கு நான் எங்கே போக.
உண்மையைச் சொன்னால் எனக்கு ஓநாய்தான் வேண்டியிருந்தது.
எல்லோருக்கும் ஓநாய்தான் வேண்டும்.
இல்லையென்றால் கரடி. போகட்டும், அண்டங்காக்கை.
ஏழாவது படிக்கும்போது வகுப்பே என்னைக் கூப்பிட்டது
பன்னி என்று.

பீரை மண்ணில் ஊற்றினேன்.
நுரை அடங்குவதற்குள்
வெடித்தது.

வரப்புக்கு அந்தப் பக்கம். ஒரே சத்தம்.
அப்புறம் சத்தம் என்று சொல்ல முடியாத ஒன்று.

அது என்னைத் தேடி வரவில்லை.
இருட்டில் நேராக ஓடத் தெரிந்த திசையில் நான் இருந்தேன்.
கீழ்த்தாடை இருந்த இடத்தில்
தாடை இல்லை.
புங்கமரத்து வேரில் முட்டி உட்கார்ந்தது,
சின்னப் பிள்ளை உட்காருவதுபோல், பின்னங்கால் மடங்கி.
கரிமருந்து வாசனை. மாவுருண்டை வாசனை.
என் பீர் வாசனை.

மந்திரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.
வந்த பெயர்களும் என் வாயில்
யாரோ வீட்டுப் பல்செட் மாதிரி இருந்தன.
கை வைத்தேன்.
தென்னந்துடைப்பம் போல முரட்டு மயிர்,
அடியில் அவ்வளவு சூடு.
என் கழுத்துக்குப் பின்னால்
இல்லாத பிடரி எழுந்து நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
மயிர் படிந்தபோது கையை எடுத்தேன்.
சத்தியம் செய்திருந்தேன் போல,
வாய் உலர்ந்திருந்தது.

காலை ஏழு மணிக்கு முதல் டோக்கன் அண்ணன்.
வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க.
"கண்ணு செவந்து கீது, தூங்கலியா நீ?"
நகக்கண்ணில் கறுப்பு.
கையை நீட்டினான். ரப்பரைக் கட்டினேன்.
பஞ்சின் குளிர் பட்டதும்
அவன் முன்கையில் மயிர் ஒவ்வொன்றாக எழுந்தது.
சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் பயம்.

அதன்மேல் கை வைத்தேன்.
"அண்ணா," என்றேன்,
"ராத்திரி நான் கொல்லையிலதான் இருந்தேன்."