இடது செருப்பு

என் பெயர் தம்போக்கோ.
குப்பைமேட்டுக்காரி என்று அர்த்தம்.
எனக்கு முன்னால் பிறந்த மூன்று பேருக்கும்
அழகான பெயர்கள் இருந்தன.
சாவு பெயர் சொல்லிக் கூப்பிட்டது, போய்விட்டார்கள்.
குப்பையை யார் கூப்பிடுவார்கள்?
இதோ, ஒன்பது வயது.

சேவலுக்கு முன்னால் எழுந்து அடிபம்புக்கு ஓடினால்
அதற்குள் எழுபது நிற்கிறது வரிசையில்:
மஞ்சள் கேன்கள், நசுங்கிய டப்பா,
கயிறு கட்டிய கல், ஒரு சுரைக்குடுக்கை.
ஆள் ஒருவரும் இல்லை.
எங்கள் கேன் அம்மாவோடு போய்விட்டது,
தங்கம் தோண்டும் குழிக்கு.
யாகோ சந்தையில் வாங்கிய செருப்பில்
இடதைக் கழற்றி
குடுக்கைக்குப் பின்னால் வைக்கிறேன்.
"அசையாதே."
கொஞ்சம் யோசித்து,
"அசை. ஆனால் முன்பக்கம் மட்டும்."

"இன்னொன்று எங்கே?" நிகியேமா வாத்தியார்.
"தண்ணீருக்கு நிற்கிறது, ஐயா."
வகுப்பே சிரிக்கிறது.
அவர் பேனாவை என் பெயருக்கு நேரே
வெகுநேரம் தூக்கிப் பிடித்திருக்கிறார்.
பாதி வந்தவளுக்கு என்ன குறி போடுவது?

ஒன்பதாம் வாய்ப்பாடு.
பிறகு பிரெஞ்சில் நதிகளின் பெயர்கள்.
ஒன்று விடாமல் ஒப்பிக்கிறேன்,
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள.

உச்சிவெயிலில் நொண்டியடித்து வருகிறேன்.
செருப்பு முன்னேறியிருக்கிறது, நாலாவது இடம்!
காற்று தூக்காமலிருக்க
உள்ளே ஒரு கல் வேறு.
பின்னால் ரஸ்மானே,
நேற்று ஷியா பழத்துக்காக என்னிடம் அடிவாங்கியவன்,
எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

என் முறை வந்தது.
கேன் வரவில்லை.
ஒரு செருப்பில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்?
பின்னாலிருந்து பெண்கள் கத்துகிறார்கள்.
ரஸ்மானே தன் கேனைக் காலால் தள்ளுகிறான்
குழாய் வாய்க்கு.
நான் அடித்தேன், பிறகு அவன் அடித்தான்.
ஒரே கைப்பிடியில் நான்கு விரல் அவனுடையது,
நான்கு என்னுடையது.
எங்கள் வீடு முதலில் வந்தது. பாதியை ஊற்றினான்.
நான் மன்னிப்புக் கேட்கவில்லை.
அவனும் பழத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை.

கம்பங்களி கிண்ட அந்தப் பாதி போதும்.
கை கழுவத்தான் போதாது.
இருட்டிய பின் அம்மா வந்தாள்.
கேனைக் கவிழ்த்துப் பார்த்தேன்:
சேறு, சேறு மட்டும்.

படுக்குமுன் செருப்புகளைச் சேர்த்து வைக்கிறேன்.
வலது குதிகாலில் ஓட்டை விழுந்துவிட்டது.
இடது இன்னும் புதுசு,
நின்றுகொண்டே இருப்பதால்.
நாளை அது பள்ளிக்கூடம் போகட்டும்.
அதற்கும் வாய்ப்பாடு தெரிய வேண்டாமா?